வண்டென்றாலும் கதவைத் திறக்கவேண்டும்

வெள்ளவத்தை,
03.07.1997

அன்புள்ள மைத்துனர் யோகநாதனுக்கு,

உம்முடைய அத்தான் நாகேந்திரம் எழுதுவது. இதை எழுதத் தொடங்கும் காலை பத்து மணி வரைக்கும் நானும் உம்முடைய அக்கா ஜெகதீஸ்வரியும் சுகமாக இருக்கிறோம். பத்து மணிக்குப் பிறகு நடக்கப்போவதைப் பற்றி இந்த ஊரில் முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. கனடாவில் அந்தக் கஷ்டம் இல்லையாதலால் நீரும் தங்கச்சி நேசமலரும் பிள்ளைகள் இருவரும் முழு நாளும் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உம்முடைய கடிதம் ஜூன் பதின்மூன்றாம் திகதி கிடைத்தது. அங்கே வீடு வாங்கப்போவதால் இந்த வெள்ளவத்தை வீட்டை விற்கவேண்டியிருக்கிறது என்றும், ஸவாஹிர் என்ற வியாபாரி ஒருவர் பார்க்க வருவார், அவருக்கு வீட்டை வடிவாகக் காட்டிவிட்டு என்ன நடந்தது என்று எழுதவேண்டும் என்றும் கேட்டிருந்தீர். நான் அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திநாலு வருடம் இருந்து தலைமை லிகிதராக ஓய்வு பெற்றவன். அறிக்கை கேட்டால் விருப்பு வெறுப்பில்லாமல் அறிக்கை தருவேன். வீடு உம்முடையது. போன வருடம் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பைகளோடு வந்து நின்றபோது வீட்டுத் திறப்பைக் கொடுக்கச் சொன்னவர் நீர். இப்போது திரும்பக் கேட்பவரும் நீர். இதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் வண்டு இருக்கிறது. அது உமக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்பதால் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

மே மாதக் கடைசியில் முதல் மழை பெய்தது. வீட்டின் அமைப்பு உமக்கு ஞாபகம் இருக்கும்: முதலாம் மாடி, வெளிப் படிக்கட்டைப் பார்த்த வாசல் கதவு, கதவுக்கு மேலே ஒரு டியூப் லைட், கீழே பக்கத்து வெறும் வளவில் இரண்டு முருங்கை மரம். வாசல் லைட் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறரைக்கே எரியவேண்டும் என்று பொலிஸ் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது. மழை பெய்த மறுநாள் நான் லைட்டைப் போட்டுவிட்டு வந்து செய்திக்கு ரேடியோவைத் திருப்புகிறேன், கதவில் டொக் என்று ஒரு தட்டு. பிறகு டொக் டொக் என்று இரண்டு. நீர் எண்பத்தேழில் வெளிக்கிட்டவர், இப்போது இங்கே பொலிஸ் சோதனைக்குக் கதவு தட்டுப்பட்டால் என்ன செய்வது என்பதை உமக்கு விளக்கவேண்டும். பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்குப் பழகுவதுபோல நாங்கள் இருவரும் பழகி வைத்திருக்கிறோம். முதல் தட்டுக்கு ரேடியோவை நிற்பாட்டுவது. இரண்டாவது தட்டுக்கு நான் சறத்தை மாற்றிக் காற்சட்டை போடுவது, உம்முடைய அக்கா அலுமாரியிலிருந்து ஃபைலை எடுப்பது. அந்த ஃபைலில் வீட்டில் இருப்போர் பெயரைப் பொலிஸில் பதிந்த படிவம், அதன் பிரதிகள் மூன்று, என் பென்சன் அட்டை, பிறப்புச் சான்றிதழ், நாங்கள் இன்னார்தான் என்று உத்தியோகத்தர்கள் அத்தாட்சிப்படுத்திய கடிதங்கள் எல்லாம் இலக்கமிட்டு நாடா கட்டி இருக்கிறது. மூன்றாவது தட்டுக்கு இருவரும் அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நிற்பது. சிரிக்கக்கூடாது, அழுவதுபோலவும் இருக்கக்கூடாது. அன்றும் அப்படியே நின்று கதவைத் திறந்தோம். வெளியே ஒருவருமில்லை. ஒரு வண்டு உள்ளே வந்தது.

பெருவிரல் நகத்தளவு வண்டு. தேத்தண்ணி நிறம். ஒழுங்காகப் பறக்கத் தெரியாது. லைட்டைப் பார்த்து வருகிறது, கதவில் மோதுகிறது, விழுகிறது, மல்லாந்து கிடந்து காலை ஆட்டுகிறது, யாராவது புரட்டிவிட்டால் எழும்பித் திரும்பவும் போய் மோதுகிறது. கடிக்காது, கொட்டாது. கதவைத் தட்டும், அவ்வளவுதான். ஆனால் தட்டுவது வண்டோ வேறு ஆட்களோ என்று உள்ளே இருந்து எப்படித் தெரியும்? நாலு நாளில் பதினாறு தரம் காற்சட்டை மாற்றினேன். ஐந்தாம் நாள் உம்முடைய அக்காவுக்கு அலுத்துவிட்டது. “இஞ்சாருங்கோ, அதிட்ட ஐடென்டிட்டி காட் இருக்கோ எண்டு நீங்களே போய்க் கேளுங்கோ, எனக்கு அடுப்பில கறி” என்று குசினியிலிருந்தபடியே சொன்னார். ஆறாம் நாள் நானும் எழும்பவில்லை. சறத்தோடே இருந்து செய்தியை முழுதாகக் கேட்டேன். இந்த ஊருக்கு வந்த பிறகு செய்தியை முழுதாகக் கேட்டது அன்றுதான்.

இப்படி நாங்கள் கொஞ்சம் தைரியப்பட்டிருந்த நேரம், ஜூன் ஒன்பதாம் திகதி பின்னேரம் ஏழு மணிபோல, கதவு தட்டுப்பட்டது. “வண்டுதான். திறவாதேங்கோ, உள்ளுக்கு வந்திடும்” என்றார் உம்முடைய அக்கா. திரும்பவும் தட்டுப்பட்டது, பலமாக. “இண்டைக்கு வந்தது பெரிய வண்டுபோல கிடக்கு” என்றேன் நான். மூன்றாம் தரம் கதவே அதிர்ந்தது. உம்முடைய அக்கா வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வந்து, அந்தத் தடியால் உள்ளே இருந்து கதவில் ஓங்கி மூன்று போடு போட்டு, “போ அங்கால! ஒவ்வொரு நாளும் வந்து உயிரை எடுக்கிறாய்! வெளியில வந்தனெண்டால் நசுக்கிப்போட்டுத்தான் விடுவன்!” என்று கத்தினார். வெளியே சத்தம் நின்றது. பிறகு சிங்களத்தில் ஒரு குரல், “கதவைத் திற” என்றது. யோகநாதன், வண்டு சிங்களம் கதைக்காது. அது எனக்கு அந்த நேரத்தில் நன்றாகத் தெரிந்தது.

திறந்தேன். ஒரு சார்ஜன்ட், பின்னால் துவக்கோடு இரண்டு கொஸ்தாப்பல். நான் சறத்தோடும் பெனியனோடும் நிற்கிறேன். ஃபைல் அலுமாரிக்குள். உம்முடைய அக்கா தும்புத்தடியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார், அடையாள அட்டை பிடிக்கிற அதே மாதிரி. “வீட்டில் எத்தனை பேர்?” என்று சார்ஜன்ட் கேட்டார். இரண்டு என்றேன். “இரண்டு பேர்தான் என்றால் இந்த அம்மா யாரைப் பார்த்துக் கத்தினா?” வண்டை என்றேன். நான் அறுபத்தைந்தாம் ஆண்டே அரசாங்கச் சிங்களப் பரீட்சை சித்தியடைந்தவன். ஆனால் அந்தப் பரீட்சையில் வண்டுக்குச் சிங்களம் கேட்கவில்லை. பறக்கிற சின்ன மிருகம் என்று சொல்லிப் பார்த்தேன். சார்ஜன்டின் முகம் இன்னும் மோசமானது. கட்டிலுக்குக் கீழே பார்க்கும்படி கொஸ்தாப்பல்மாருக்குச் சொன்னார்.

நல்ல வேளையாக, கதவு திறந்தே இருந்ததால் சாட்சிகள் தாமாகவே உள்ளே வந்தன. ஒன்று ரேடியோவில் விழுந்தது. ஒன்று சார்ஜன்டின் தொப்பியில் உட்கார்ந்தது. மூன்றாவது, இளைய கொஸ்தாப்பலின் கொலருக்குள்ளால் இறங்கிவிட்டது. அந்தப் பெடியன் துவக்கை என் கையில் தந்துவிட்டுச் சேட்டைக் கழற்றத் தொடங்கினான். என் நிலைமையை யோசித்துப் பாரும். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று அட்டையில் அடித்திருக்கிற ஒரு ஆள், வெள்ளவத்தையில், பொலிஸ் சோதனை நேரத்தில், கையில் துவக்கோடு நிற்கிறேன். நான் அதைப் பாம்புபோலத் தூரப் பிடித்துக்கொண்டு, “சேர், இது என்னுடையது இல்லை, இது என்னுடையது இல்லை” என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வசனம் மட்டும் பிழையில்லாமல் வந்தது.

சார்ஜன்ட் துவக்கை வாங்கி வைத்துவிட்டு, தொப்பியிலிருந்த வண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார். அவர் தோட்டம் துரவு உள்ள ஊர்ப்பக்கத்து ஆள். இது மழைக்கு வருவது, மர இலை தின்பது, லைட்டுக்குக் கீழே பேசினில் தண்ணீர் வைத்தால் விழுந்துவிடும் என்றெல்லாம் நிதானமாகச் சொன்னார். அப்படியென்றால் வாசல் லைட்டை நிற்பாட்டலாமா என்று கேட்டேன். முடியாது, லைட் எரியவேண்டும் என்பது கட்டளை என்றார். எழும்பிப் போகும்போது, “இனிமேல் முதல் தட்டுக்கே கதவைத் திறக்கவேண்டும்” என்றார். உம்முடைய அக்கா, “வண்டெண்டாலுமோ எண்டு கேளுங்கோ” என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர் கதவடியில் திரும்பி, “வண்டென்றாலும்” என்றார். ஆகவே அன்று தொடக்கம் நாங்கள் சட்டப்படி ஒவ்வொரு வண்டுக்கும் முதல் தட்டிலேயே கதவு திறந்துகொண்டிருக்கிறோம். வீட்டில் எத்தனை பேர் என்று இப்போது கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

இந்த நிலைமையில்தான் ஜூன் இருபத்திரண்டாம் திகதி, ஞாயிறு பின்னேரம் உம்முடைய ஸவாஹிர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சேட், மரியாதையான மனிதர். தேத்தண்ணி கொடுத்தோம். ஹோலில் வண்டுகள் காணப்பட்டன. ஒன்று அவருடைய சேட் கையில் ஏறியது. அவர் மற்ற அறைகளைப் பார்க்காமலே எழும்பிப் போய்விட்டார். மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. என்ன செய்வது, கண்ணால் கண்டதை அவரிடம் நான் மறைக்க முடியுமா?

என் ஆலோசனையைக் கேட்டால், கேட்காவிட்டாலும், விற்பதற்கு இது நேரமல்ல. இந்த வண்டு ஒரு வருடம் மண்ணுக்குள் புழுவாகக் கிடந்து அடுத்த மழைக்கு வண்டாக வெளியே வருமாம்; நூலகத்தில் போய் வாசித்தேன். ஆகவே வருகிற ஆனியிலும் இதே கதைதான். நாட்டு நிலைமை சீராகும் வரைக்கும், அல்லது வண்டு ஒழியும் வரைக்கும், இதில் எது முந்துகிறதோ அதுவரைக்கும், விற்பனையை ஒத்திவைப்பது உமக்கு நல்லது. உம்முடைய நன்மைக்காகத்தான் சொல்கிறேன், நாங்கள் எங்கே போவோம் என்று நீர் யோசிக்கவேண்டாம். நாங்களும் சும்மா இருக்கவில்லை. தெஹிவளையில் ஒரு வீடு பார்த்தோம். வீட்டுக்காரர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மகள் வெளிநாட்டிலிருந்து வரப்போகிறாள் என்று அந்த நிமிடம் ஞாபகம் வந்ததாகச் சொன்னார். வத்தளையில் ஒருவர், பொலிஸில் பதிந்துகொண்டு வந்தால் வீடு தருவேன் என்றார்; பொலிஸில், வீட்டைக் காட்டினால்தான் பதிவோம் என்றார்கள். கொலன்னாவையில் வீடு நல்லது, ஆனால் தொண்ணூற்றைந்தில் இயக்கம் தாக்கிய எண்ணெய்க் குதங்களுக்குப் பக்கம். யாழ்ப்பாணத்து ஆட்கள் அங்கே குடியிருக்க நினைப்பதே பெரிய துணிச்சல் என்று தரகரே எங்களைப் பஸ் ஏற்றிவிட்டார். மொத்தம் பதினொரு வீடு. எல்லோரும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள்.

தங்கச்சி நேசமலருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பையும் ஆசியையும் சொல்லவும். பிள்ளைகள் தொப்பி போடாமல் குளிருக்குள் போகக்கூடாது. இப்போது அங்கே குளிர் இல்லை என்று உம்முடைய அக்கா சொல்கிறார், இருந்தாலும் தொப்பி போடுவதில் நட்டமில்லை. நயினாதீவு அம்மன் உங்கள் எல்லோரையும் பார்த்துக்கொள்ளட்டும்; எங்களைப் பார்க்க நேரம் கிடைத்தால் அதுவும் நல்லது.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்,
ச. நாகேந்திரம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் வழக்கம்போல உம்முடைய அக்காவுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, “வண்டு வந்த திகதி போட்டிருக்கிறியள். போன திகதியை ஏன் போடேல்ல?” என்றார். கச்சேரியில்கூட என்னை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. எனவே கீழ்வருவதையும் சேர்த்து வாசிக்கவும்.

வண்டுகள் ஜூன் பதினாலாம் திகதியோடு போய்விட்டன. அதற்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. உம்முடைய கடிதம் கிடைத்த பதின்மூன்றாம் திகதி பின்னேரம் நான் ஏழு வண்டு பிடித்து, ஜாம் போத்தலில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, முருங்கையிலை கொடுத்து வளர்த்தேன். ஸவாஹிர் வந்து இருந்ததும் கதிரைக்குக் கீழே போத்தலைத் திறந்துவிட்டேன். இரண்டு ஏற்கனவே செத்துப்போயிருந்தன. நாலு நடந்து வந்தன. ஒன்றுதான் பறந்தது, அதுதான் அவருடைய சேட்டில் ஏறியது. அவர் அதை மெதுவாக எடுத்து யன்னலால் விட்டுவிட்டு, “ஐயா, இந்த வண்டை நான் சின்ன வயசில இருந்து காணுறன். போத்தலுக்குள்ள இருந்து வாறதை இண்டைக்குத்தான் கண்டன்” என்றார்.

எதுவும் பேசவில்லை என்று எழுதியதும் சரியல்ல. முக்கால் மணித்தியாலம் பேசினார். “வீட்டை வித்தா நீங்க ரெண்டு பேரும் எங்க போவீங்க?” என்றுதான் முதலில் கேட்டார். அவரும் யாழ்ப்பாணம்தான். சோனகத் தெரு. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று இயக்கம் சொன்னபோது, வீட்டைப் பூட்டித் திறப்பையும் அவர்களிடமே கொடுத்துவிட்டு, தாயையும் மனைவி கைருன்னிஸாவையும் நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர். முதலில் புத்தளத்தில் அகதி முகாம், பிறகு கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இரண்டு அறை. “எனக்கு ரெண்டு மணித்தியாலம் தந்தாங்க, ஐயா. உங்களுக்கு நான் அப்பிடிச் சொல்லமாட்டன். நீங்க இடம் பாத்து முடியுமட்டும் நான் காத்துக்கொண்டிருக்கிறன்” என்றார். உம்முடைய அக்கா குசினிக்குள் போய்விட்டார்.

யோகநாதன், அந்த ஐப்பசி நாளில் அந்தச் சனங்கள் கையில் பையோடு எங்கள் வீதியால் போனபோது நான் கேற்றைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றவன். ஒரு செம்பு தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பயம். இந்தக் கையால் எத்தனையோ அறிக்கை எழுதினேன், இதை ஒருவருக்கும் எழுதியதில்லை. ஸவாஹிரிடம் சொன்னேன். அவர் ஆறின தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, “அண்டைக்கு எல்லாருக்கும் பயம்தான்” என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, மேலே விற்பனையை ஒத்திவைக்கச் சொன்ன பந்தியை இத்தால் இரத்துச் செய்கிறேன். வீட்டை ஸவாஹிருக்கே கொடும். அவர் இங்கே வந்ததும் அவருடைய கொட்டாஞ்சேனை அறைகள் காலியாகும். அந்த வீட்டுக்காரர் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்க்கிற ஆள் இல்லை என்று அவர் சொன்னார், போய்ப் பார்த்தோம், உண்மைதான். குழாயில் தண்ணீர் காலையில் மட்டும் வரும், மூட்டைப்பூச்சி கொஞ்சம் இருக்கிறது, மற்றபடி குறையில்லை. வீட்டு விலையைக் குறைக்கும்படி ஸவாஹிர் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.